பிச்சாவரம் பக்கத்தை யார் திருத்துவது?

"உலகின் இரண்டாவது பெரிய அலையாத்திக் காடு பிச்சாவரம்." படகுத்துறைக்குப் போகிற வழியில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். பயணக் கையேடுகளிலும் வார இதழ் இணைப்புகளிலும் போட்டித் தேர்வுக் குறிப்புகளிலும் இதே வரிதான். கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பிச்சாவரத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பரப்பளவு 1,100 எக்டேர், அதாவது 11 சதுர கிலோமீட்டர். சுந்தரவனம் இந்தியப் பகுதியும் வங்கதேசப் பகுதியும் சேர்ந்து ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டர். ஒடிசாவின் பிதர்கனிகாவில் தேசியப் பூங்கா மட்டுமே 145 சதுர கிலோமீட்டர். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், தமிழ்நாட்டுக்குள்ளேயே முத்துப்பேட்டை இதைவிடப் பெரிது.

தாவரவியல் நடத்தும் எந்தப் பேராசிரியருக்கும் இது தெரியும். வகுப்பில் சொல்லிச் சிரிக்கவும் செய்வார். ஆனால் அவருடைய மாணவன் அன்று இரவு கைப்பேசியில் தேடும்போது கண்ணில் படுவது அவர் சொன்னது அல்ல, இணையத்தில் இருப்பது. ஆய்விதழில் அவர் எழுதிய கட்டுரை கட்டணச் சுவருக்குப் பின்னால், ஆங்கிலத்தில் கிடக்கிறது. விக்கிப்பீடியாப் பக்கமோ தேடல் முடிவில் முதல் மூன்றுக்குள் வந்துவிடுகிறது. கல்விப்புலத்தார் இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுத வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. எப்படி எழுதுவது என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். அதைப் பற்றியதுதான் இந்தப் பதிவு.

பிச்சாவரத்தையே எடுத்துக்கொள்வோம். "இரண்டாவது பெரிய" என்ற வரி, நாளிதழ் மேற்கோளோடு, ஒரு விக்கிப்பீடியாக் கட்டுரையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேராசிரியர் உள்ளே போய் அதை அழித்துவிட்டுச் சேமிக்கிறார். எதை, ஏன் மாற்றினோம் என்று எழுதும் தொகுத்தல் சுருக்கம் என்ற பெட்டியைக் காலியாக விட்டுவிடுகிறார். பத்து நிமிடத்தில் யாரோ ஒருவர் அதை மீட்டெடுக்கிறார், அதாவது பக்கத்தைப் பழைய நிலைக்கே திருப்பிவிடுகிறார். பேராசிரியர் மறுபடி அழிக்கிறார், இம்முறை "நான் இருபது ஆண்டாக இந்தக் காட்டில் ஆய்வு செய்கிறேன்" என்று, கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கான பேச்சுப் பக்கத்தில் எழுதுகிறார். மறுபடியும் மீட்டெடுப்பு. கோபம் வருகிறது, கணக்கை மூடிவிட்டுப் போகிறார். "விக்கிப்பீடியாவை நம்பாதே" என்பதற்கு வகுப்பில் இன்னொரு கதை கிடைத்துவிடுகிறது.

மீட்டெடுத்தவர் செய்ததில் தவறில்லை. அவர் பார்த்தது இதுதான்: நாளிதழ் மேற்கோளோடு இருந்த ஒரு வரியைப் புதிய கணக்கு ஒன்று காரணம் சொல்லாமல் நீக்குகிறது. நாளெல்லாம் நடக்கும் விஷமத் தொகுப்பும், அதாவது பக்கத்தைக் கெடுக்கச் செய்யும் மாற்றமும், பார்வைக்கு இப்படித்தான் இருக்கும். கணக்குக்குப் பின்னால் இருப்பவர் பேராசிரியரா, பத்தாம் வகுப்பு மாணவனா என்று சரிபார்க்க அவருக்கு வழியில்லை. சரிபார்த்தாலும் பயனில்லை. ஏனென்றால் அங்கே ஆளின் தகுதிக்கு எடை கிடையாது, சான்றுக்குத்தான் எடை. தமிழ் விக்கிப்பீடியாவில் இதற்கு மெய்யறிதன்மை என்று பெயர். படிக்கிறவர் தானே போய்ச் சரிபார்த்துக்கொள்ள முடிய வேண்டும்.

செய்ய வேண்டியது வேறு. வரியை வெறுமனே அழிக்காமல், மாற்று வரி ஒன்றை எழுத வேண்டும்: "பிச்சாவரம் அலையாத்திக் காடு கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கழிமுகப் பகுதியில் உள்ளது. 2022இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டபோது இதன் பரப்பளவு 1,478.64 எக்டேர் எனப் பதிவானது." ராம்சார் என்பது முக்கியமான ஈரநிலங்களின் பன்னாட்டுப் பட்டியல். அதற்கான அரசு அறிவிப்பை மேற்கோளாகச் சேர்க்க வேண்டும். பிறகு பேச்சுப் பக்கத்தில் நான்கே வரி: இங்கே இவ்வளவு எக்டேர், சுந்தரவனம் இவ்வளவு, பிதர்கனிகா இவ்வளவு, ஒவ்வொன்றுக்கும் இன்ன சான்று, ஆகவே "இரண்டாவது பெரிய" என்பது பொருந்தாது. தொகுத்தல் சுருக்கத்தில் "பரப்பளவு ராம்சார் அறிவிப்பின்படி, விளக்கம் பேச்சுப் பக்கத்தில்" என்று ஒரு வரி. இப்படிச் செய்த திருத்தத்தை யாரும் மீட்டெடுக்க மாட்டார்கள். எடுத்தாலும் பேசித் தீர்க்கலாம்.

இந்த இடத்தில் கவனமாகப் படிக்கிறவர்கள் ஒன்று கேட்பார்கள். 1,100 என்றீர்கள், இப்போது 1,478.64 என்கிறீர்களே, எது சரி? இரண்டும் அச்சில் இருக்கின்றன. எந்த எல்லையை அளந்தார்கள், காட்டை மட்டுமா, நீர்வழிகளையும் சேறு படிந்த திட்டுகளையும் சேர்த்தா என்பதைப் பொறுத்து எண் மாறும். கலைக்களஞ்சியக் கட்டுரையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை மறைக்கக் கூடாது. எந்த எண் எந்தச் சான்றிலிருந்து என்று சொல்லி இரண்டையும் வைக்கலாம். ஆனால் இரண்டையும் கூட்டி வகுத்துச் சராசரி போட்டாலோ, செயற்கைக்கோள் படத்தை எடுத்து நாமே அளந்து மூன்றாவது எண்ணைப் போட்டாலோ அது புத்தாய்வு. எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் விக்கிப்பீடியாவில் அதற்கு இடமில்லை. முதலில் ஆய்விதழில் வரட்டும், பிறகு பார்ப்போம் என்பார்கள். ஆய்வாளர்களுக்கு இதுதான் தொண்டையில் சிக்கும் முள். புதிதாகச் சொல்வதற்குத்தானே ஆயுள் முழுக்கப் பயிற்சி!

வெளியே என்ன நடந்திருக்கிறது

விக்கிப்பீடியா 2001 சனவரியில் தொடங்கியது. 2005இல் நேச்சர் இதழ் 42 அறிவியல் கட்டுரைகளைத் துறை வல்லுநர்களிடம் கொடுத்து, பிரிட்டானிக்காவோடு ஒப்பிட்டது. கட்டுரைக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் நான்கு பிழை, பிரிட்டானிக்காவில் மூன்று. பிரிட்டானிக்கா கடுமையாக மறுத்தது. ஆனாலும் "இது பிள்ளை விளையாட்டு" என்று கல்விப்புலம் ஒதுக்கித் தள்ளிய காலம் அதோடு முடிந்தது.

2008இல் இரண்டு வெவ்வேறு முயற்சிகள். ஆர்.என்.ஏ. பயாலஜி என்ற ஆய்விதழ், புதிய ஆர்.என்.ஏ. குடும்பம் ஒன்றை விவரித்துக் கட்டுரை அனுப்புகிறவர்கள் அதே பொருளில் விக்கிப்பீடியாப் பக்கத்துக்கான வரைவையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று விதி வைத்தது. அந்த வரைவும் மதிப்பீட்டாளர்களிடம் போகும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்திலோ, இலத்தீன் அமெரிக்க இலக்கிய வகுப்பு ஒன்றுக்கு ஆசிரியர் வைத்த மதிப்பெண் முறையே வேறு. விக்கிப்பீடியர்கள் மதிப்பிட்டு உங்கள் கட்டுரைக்குச் "சிறப்புக் கட்டுரை" என்ற நிலை தந்தால் மிக உயர்ந்த தரம், "நல்ல கட்டுரை" என்ற நிலை தந்தால் அதற்கு அடுத்த தரம். அந்த ஒரு பருவத்தில் மூன்று சிறப்புக் கட்டுரைகள் வந்தன. துணிச்சலான முறைதான். இதை நம் ஊரில் அப்படியே பின்பற்றினால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

2018இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் டோனா ஸ்டிரிக்லாண்ட். அறிவிப்பு வந்த நாளில் ஆங்கில விக்கிப்பீடியாவில் அவருக்குப் பக்கமே இல்லை. அதே ஆண்டு மே மாதம் ஒருவர் வரைவு எழுதிச் சமர்ப்பித்திருந்தார். போதிய சான்றுகள் இல்லை என்று அது திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. உலகமே விக்கிப்பீடியாவைத் திட்டியது. ஆனால் இதில் பாதிப் பழி கல்விப்புலத்துக்கு. அவரைப் பற்றி அவருடைய நிறுவனத்துக்கு வெளியே யாராவது விரிவாக எழுதியிருந்தால் அந்த வரைவு தப்பித்திருக்கும். உங்கள் துறையின் மூத்த பேராசிரியைக்குப் பக்கம் எழுத நினைக்கிறவர்கள் இதை மனத்தில் வைக்கவும். கல்லூரி இணையதளத்தில் உள்ள தன்விவரக் குறிப்பு சான்றாகாது. வெளியார் எழுதியது வேண்டும்.

ஸ்டிரிக்லாண்ட் பணியாற்றும் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில்தான் மின்பொறியியல் பேராசிரியர் செ. இரா. செல்வகுமாரும் இருந்தார். தமிழ் விக்கிப்பீடியாவிலும் அதன் உடன்பிறப்பான விக்சனரி அகராதியிலும் அறிவியல் கட்டுரைகளும் கலைச்சொற்களுமாக அவர் சேர்த்தது ஏராளம். தமிழில் இதற்கு முன்மாதிரி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதற்கும் முன்னால் போனால், பெரியசாமித் தூரன் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம் இருக்கிறது. அந்தந்தத் துறைப் பேராசிரியர்கள் எழுதிக் கொடுத்த கட்டுரைகள்தாம் அதன் முதுகெலும்பு. அன்று எழுதியவர்கள் பெயரோடு எழுதினார்கள், பதிப்பாசிரியர் ஒருவர் திருத்தினார். இன்று பெயர் கட்டுரையின் அடியில் வராது, யார் எப்போது எதை மாற்றினார் என்று காட்டும் வரலாற்றுப் பக்கத்துக்குள் போய்விடும். திருத்துகிறவரும் யாரென்று தெரியாது. மாறியது அவ்வளவுதான், வேலை அதே வேலை.

புனேயில் கவிழ்ந்த வண்டி

2011இல் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை புனேயில் சில கல்லூரிகளோடு சேர்ந்து ஒரு முன்னோட்டத் திட்டம் நடத்தியது. நூற்றுக்கணக்கான மாணவர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் பாடம் சார்ந்த கட்டுரைகள் எழுத வேண்டும். சில மாதங்களிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. பாடப்புத்தகத்திலிருந்தும் இணையத்திலிருந்தும் பத்தி பத்தியாக நகல், எச்சரித்தும் நிற்கவில்லை. தன்னார்வலர்கள் மாதக்கணக்கில் துடைத்தெடுத்தார்கள்.

மாணவர்களை மட்டும் குறை சொல்வது எளிது. நம் பள்ளிக்கூடம் பன்னிரண்டு ஆண்டு சொல்லிக்கொடுப்பது நோட்ஸில் உள்ளதை ஒரு சொல் மாறாமல் எழுதினால் முழு மதிப்பெண் என்பதைத்தான். திடீரென ஒரு நாள் அதையே குற்றம் என்றால் எப்படிப் புரியும்? இன்னொரு காரணம் இதைவிட முக்கியமானது. பல வகுப்புகளில் ஆசிரியரே ஒரு தொகுப்பும் செய்ததில்லை. நீந்தத் தெரியாதவர் கரையில் நின்றுகொண்டு நாற்பது பேரைத் தள்ளிவிட்ட மாதிரி ஆயிற்று.

தமிழுக்கும் இப்படி ஓர் அனுபவம் உண்டு. 2009, 2010 வாக்கில் கூகுள் தன் மொழிபெயர்ப்புக் கருவியைக் கொண்டு, கூலிக்கு ஆள் வைத்து, ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்றியது. ஒவ்வொன்றும் நீளமோ நீளம். வாக்கியமோ நாக்கில் நிற்காது. இல்லாத பக்கங்களைக் காட்டும் சிவப்பு இணைப்புகள், உடைந்த வார்ப்புருக்கள் (பக்கத்தில் செருகும் ஆயத்த அச்சுகள்), தமிழ் வாசகர் தேடவே தேடாத தலைப்புகள். எழுதியவர்கள் ஏற்றிவிட்டுப் போய்விட்டார்கள், கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. தமிழ் விக்கிப்பீடியர்கள் 2010இல் போலந்தின் கிதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டிலேயே இதை ஆய்ந்து அறிக்கை படித்தார்கள். ஏற்றிவிட்டுப் போய்விடும் கட்டுரை எவ்வளவு நீளமாக இருந்தாலும் சுமைதான். மாணவர் கட்டுரைக்கும் இதே கதிதான்.

ஒரு பருவத்துக்கான பாதை

ஆகவே முதல் விதி: வகுப்புக்கு முந்தைய பருவத்தில் ஆசிரியர் தானே ஐம்பது தொகுப்புகளாவது செய்திருக்க வேண்டும். அதில் ஒன்றிரண்டு மீட்டெடுக்கப்பட்டிருந்தால் மிக நல்லது. அந்த எரிச்சல் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்தான் மாணவருக்குப் பொறுமையாகச் சொல்லித்தர முடியும்.

இரண்டாவது: புதுக் கட்டுரை கேட்காதீர்கள். இருக்கிற கட்டுரையில் ஒரு பத்தி போதும், 150 முதல் 200 சொல், மூன்று சான்று. முழுக் கட்டுரை என்றால், பொருளுக்குத் தனிப்பக்கம் தகுமா என்ற குறிப்பிடத்தக்கமையில் தொடங்கி தகவல்பெட்டி, பகுப்பு, விக்கித்தரவு இணைப்பு வரை ஏகப்பட்ட கதவுகள். மாணவர் எல்லாவற்றையும் தட்டிவிட்டு, முக்கியமான கதவான சான்றை மறந்துவிடுவார். இருபத்தைந்து பேருக்கு மேல் ஒரு வகுப்பில் எடுக்க வேண்டாம். தமிழ் விக்கிப்பீடியாவில் புதிய தொகுப்புகளைக் கண்காணிப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், எல்லாரும் வேலைவெட்டி போக மிச்ச நேரத்தில் செய்கிறவர்கள். ஒரே நாளில் நாற்பது கட்டுரை வந்து விழுந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? நீக்கத்தான் செய்வார்கள்.

கணக்குத் தொடங்குவதிலேயே முதல் அடி விழும். ஒரே ஐபி முகவரியிலிருந்து ஒரு நாளில் ஆறு கணக்குகளுக்கு மேல் தொடங்க முடியாது. கல்லூரிக் கணினி ஆய்வகம் முழுக்க வெளியுலகுக்கு ஒரே முகவரியாகத்தான் தெரியும். ஏழாவது மாணவர் "பிழை" என்று கையைத் தூக்குவார், அதோடு அந்த வகுப்பு நேரம் போச்சு. மூன்று வாரம் முன்பே விலக்கு கேட்டு விண்ணப்பிக்கலாம். எளிய வழி, வீட்டிலிருந்து தொடங்கி வரச் சொல்வது. ஆனால் சில கைப்பேசி வலையமைப்புகளின் முகவரிகள் பழைய விஷமிகளால் ஏற்கெனவே தடைப்பட்டிருக்கும். அந்த மாணவர்கள் வேறு இணைப்பில் முயல வேண்டும்.

பயனர் பெயரில் பதிவெண், கல்லூரிப் பெயர், தொலைபேசி எண் எதுவும் வேண்டாம். வரலாற்றுப் பக்கத்தில் ஏறியது எளிதில் அழியாது. புனைபெயர் போதும். எந்தப் புனைபெயர் யாருடையது என்ற பட்டியல் ஆசிரியரின் கையேட்டில் மட்டும் இருக்கட்டும். இன்ன பாடத்துக்காக இன்னின்ன கணக்குகள் எழுதப்போகின்றன என்று, தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் முன்கூட்டியே ஓர் அறிவிப்பு போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் இருபது புதுக் கணக்குகள் ஒரே முகவரியிலிருந்து ஒரே பேச்சுப் பக்கத்தில் "ஆமாம், சரிதான்" என்று எழுதும்போது ஒரே ஆள் பல பெயரில் இயக்கும் கைப்பாவைக் கணக்குகள் என்று சந்தேகம் வரும். தடையும் விழலாம்.

முதல் இரண்டு வாரம் வெறும் திருத்தம்: எழுத்துப் பிழை, ஒற்றுப் பிழை. மூன்றாவது வாரம், ஏற்கெனவே உள்ள ஒரு வாக்கியத்துக்கு ஒரு மேற்கோள் சேர்ப்பது. பிறகு இரண்டு வாரம் நூலகம். இங்கேதான் அசல் கல்வி நடக்கிறது. மேற்கோள் காட்டும் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று விதி வையுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இல்லாத புத்தகத்துக்கு இல்லாத பக்க எண் போட்டு, பார்க்க அழகான மேற்கோள் செய்து தருகின்றன. அதை வடிகட்ட இதைவிடச் சிக்கனமான சல்லடை கிடையாது. ஆய்விதழ்க் கட்டுரை என்றால் அதன் டி.ஓ.ஐ. எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாக உள்ள இணைய அடையாள எண்) உலாவியில் போட்டுத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பாதி போலிகள் அங்கேயே விழுந்துவிடும். இன்னொரு பாதி வேறு கட்டுரையைத் திறக்கும், அது இன்னும் வேடிக்கை.

ஆறாவது, ஏழாவது வாரம் மணல்தொட்டியில், அதாவது எழுதிப் பழகுவதற்கான பக்கத்தில், எழுத்து. எட்டாவதில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துக் குறை சொல்வது, பேச்சுப் பக்கத்திலேயே, எல்லாரும் பார்க்க. ஒன்பதாவதில் கட்டுரைவெளிக்கு, அதாவது வாசகர் பார்க்கும் கட்டுரைக்கு, மாற்றுவது. ஒரே நாளில் வேண்டாம், நாளுக்கு ஐந்து பேர் என்று பிரித்து விடுங்கள். மணல்தொட்டியில் ஒருவரே எழுதியிருந்தால் வெட்டி ஒட்டலாம். இரண்டு பேர் சேர்ந்து எழுதியதென்றால் தொகுத்தல் சுருக்கத்தில் மணல்தொட்டியின் இணைப்பைக் கொடுக்க வேண்டும், இல்லையேல் இரண்டாமவரின் பங்கு வரலாற்றில் காணாமல் போகும். விக்கிப்பீடியா எழுத்துகள் வெளியாகும் உரிமத்தின் நிபந்தனையே பெயர் குறிப்பிடுவதுதான். மீதி வாரங்கள் காத்திருக்கவும் கேள்விகளுக்குப் பதில் சொல்லவும். பல ஆசிரியர்கள் இந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிடுகிறார்கள். தேர்வு வந்துவிடும், மாணவர் மறைந்துவிடுவார், பேச்சுப் பக்கத்தில் கேட்ட கேள்வி பதிலில்லாமல் நிற்கும்.

மதிப்பெண்ணை "கட்டுரை நிலைத்ததா" என்பதோடு கட்டவே கூடாது. பிரிட்டிஷ் கொலம்பியா முறை இங்கே சறுக்குவது இந்த இடத்தில்தான். ஐந்து மதிப்பெண்ணுக்காக மாணவர் மீட்டெடுப்புப் போரில் இறங்குவார். வேலை செய்த முறைக்கு மதிப்பெண் கொடுங்கள். 25 என்றால் சான்றுக்குப் பத்து, நடைக்கு ஐந்து, தோழருக்குச் சொன்ன கருத்துக்கு ஐந்து, வந்த விமர்சனத்துக்குச் சொன்ன பதிலுக்கு ஐந்து. எல்லாமே வரலாற்றுப் பக்கத்தில் தேதி, நேரத்தோடு கிடைக்கும். கடைசி இரவு பத்தரை மணிக்கு எழுதியது எது என்றும் தெரிந்துவிடும்.

பைட்டுக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். வரலாற்றுப் பக்கம் காட்டும் எண் எழுத்தெண்ணிக்கை அல்ல. தமிழ் யூனிகோடில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டு. "தமிழ்" என்ற மூன்றெழுத்துச் சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள், ஆகப் பதினைந்து பைட்டு. 300 சொல் எழுதினால் ஏறத்தாழ எட்டாயிரம் பைட்டு வரும். ஆங்கிலத்தில் அதே எட்டாயிரம் 1,300 சொல்லுக்குக் கிட்ட. ஆங்கிலத் திட்டம் ஒன்றின் பைட்டு வரம்பை அப்படியே எடுத்து வைத்தால் தமிழ் மாணவர் கால்வாசி எழுதிவிட்டுக் கரையேறிவிடுவார்.

எழுத்துரு வம்பு தனிக்கதை. துறையில் பழைய கட்டுரைகள் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும். ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக விழும், யூனிகோடுக்கு மாற்றித்தான் ஒட்ட வேண்டும். பி.டி.எஃப். கோப்பிலிருந்து நகலெடுத்தால் ஒற்றைக்கொம்பு இடம் மாறி நிற்கும். கண்ணுக்கே தெரியாத பிழை ஒன்றும் உண்டு. "ஔவையார்" என்பதை ஔ என்ற ஒரே எழுத்தால் எழுதாமல் ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடிப்பது. திரையில் ஏறக்குறைய ஒன்றுபோல்தான் இருக்கும். ஆனால் இணைப்பு சிவப்பாக நிற்கும், "கட்டுரை இல்லையே" என்று மாணவர் புதிதாக ஒன்றைத் தொடங்கியும் விடுவார்.

கதி எது, வேகம் எது

அறிவியல் எழுதும் கல்வியாளர்கள் தமிழ் விக்கிப்பீடியாவில் அதிகம் மோதிக்கொள்வது கலைச்சொல்லில். தமிழ்நாட்டுப் பாடநூலில் திசை சேர்ந்தது திசைவேகம், திசை சேராதது வேகம். இலங்கைப் பாடநூலில் திசை சேர்ந்தது வேகம், சேராதது கதி. அதாவது "வேகம்" என்ற ஒரே சொல் பாக்கு நீரிணையைத் தாண்டினால் வேறு பொருள் ஆகிவிடுகிறது. முடுக்கம் அங்கே ஆர்முடுகல். திசு அங்கே இழையம். செல் அங்கே கலம், விக்கிப்பீடியாவில் பெரும்பாலும் உயிரணு. மின்தேக்கி அங்கே கொள்ளளவி. அலையாத்திக்குக் கண்டல் என்றும் பெயர்.

தமிழ்நாட்டுப் பேராசிரியர் ஒருவர் "ஆர்முடுகல்" என்பதைப் பார்த்துவிட்டுப் பிழை என்று நினைத்து மாற்றுவதும், யாழ்ப்பாணத்து ஆசிரியர் அதைத் திரும்ப மாற்றுவதும் வீண் சண்டை. இரண்டு அரசுகளும் அச்சிட்ட பாடநூல்கள் இவை, இரண்டுமே சான்றுள்ள சொற்கள். செய்ய வேண்டியது மூன்று. முதல் வாக்கியத்திலேயே இரண்டு சொல்லையும் தடித்த எழுத்தில் தரவும். தலைப்பில் இல்லாத சொல்லைத் தேடுகிறவரையும் அதே கட்டுரைக்குக் கொண்டுசேர்க்கும் வழிமாற்றுப் பக்கம் ஒன்று தொடங்கவும், இதற்கு ஒரு நிமிடம் போதும். கட்டுரைக்குள் ஒரே சொல்லைக் கடைசிவரை பிடித்துக்கொள்ளவும். "வேகம்" போல் பொருள் முரணும் இடத்தில் மட்டும் ஒரு வரி விளக்கம் சேருங்கள், இல்லாவிட்டால் கிளிநொச்சியில் படிக்கும் பிள்ளைக்கும் கிருஷ்ணகிரியில் படிக்கும் பிள்ளைக்கும் ஒரே சமன்பாடு இரண்டு பொருள் தரும். நாமே ஒரு புதுச்சொல் உருவாக்கித் தலைப்பில் வைப்பதுதான் எல்லாவற்றிலும் கெட்ட வழி. அழகான சொல்லாக இருந்தாலும் யாரும் அதைத் தேட மாட்டார்கள்.

சொந்தக் கட்டுரை, சொந்தப் படம்

பேராசிரியர்கள் அறியாமல் செய்யும் பெரிய தவறு, தங்கள் கட்டுரையிலிருந்தே பத்திகளை எடுத்து ஒட்டுவது. "நான் எழுதியதுதானே?" ஆம், ஆனால் பதிப்புரிமையைப் பெரும்பாலும் பதிப்பகத்துக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்திருப்பீர்கள். விக்கிப்பீடியாவில் சேமிக்கும் ஒவ்வொரு வரியும் கிரியேட்டிவ் காமன்சு உரிமத்தில் போகிறது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். உங்களிடம் இல்லாத உரிமையை நீங்கள் கொடுக்க முடியாது. உரிமை உங்களிடமே இருந்தால் அனுமதிக் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பிப் பதிவு செய்யலாம். அதைவிட, புதிதாக எழுதிவிடுவது விரைவு.

தன் ஆய்வையே மேற்கோள் காட்டலாமா? கூடாது என்றில்லை. பத்தில் ஒன்று உங்களுடையதாக இருந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பத்தில் எட்டு என்றால் விளம்பரம் என்ற முத்திரை விழும். நாகரிகமான வழி, பேச்சுப் பக்கத்தில் "இது என் கட்டுரை, பொருத்தமென்றால் சேருங்கள்" என்று வைத்துவிட்டு ஒதுங்குவது.

எழுத்தைவிடப் படம் அதிக நாள் பயன்படும். ஆய்வகத்திலும் களத்திலும் எடுத்த நூற்றுக்கணக்கான படங்கள் கணினியில் தூங்குகின்றன. வெண்கண்டலின் மூச்சுவேர், சுரபுன்னையின் தாங்குவேர், மரத்திலேயே முளைத்துத் தொங்கும் நாற்று இவற்றை விக்கிமீடியாவின் படக் கிடங்கான பொதுவகத்தில் ஏற்றினால் எல்லா மொழி விக்கிப்பீடியாக்களும் எடுத்துக்கொள்ளும். இனப்பெயர், எடுத்த இடம், நாள், அளவுகோல் நான்கும் விளக்கத்தில் இருக்க வேண்டும். அளவுகோல் இல்லாத நுண்ணோக்கிப் படம் அழகுக்குத்தான் ஆகும்.

இதற்கெல்லாம் பதவி உயர்வில் என்ன கிடைக்கும்? பல்கலைக்கழக மானியக் குழுவின் மதிப்பெண் அட்டவணையில் விக்கிப்பீடியா என்று ஒரு வரி கிடையாது. அதை மறைத்து ஆள் சேர்ப்பதில் பொருளில்லை. ஆனால் எப்படியும் திருத்தியே தீர வேண்டிய ஒப்படைப்புத் தாள்கள் வருடா வருடம் பழைய பேப்பர் கடைக்குத்தானே போகின்றன? அதே உழைப்பை இங்கே போடலாம் என்பதுதான் கணக்கு.

பருவம் முடிந்தபின் மாணவர் தொட்ட பக்கங்களையெல்லாம் ஆசிரியர் தன் கவனிப்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்வது நல்லது. வாரத்துக்குப் பத்து நிமிடம் போதும். பிச்சாவரம் மாதிரிப் பக்கங்களில் விடுமுறைக் காலத்தில் "உலகின் இரண்டாவது பெரிய" மறுபடி வந்து உட்காரும். நல்லெண்ணத்தோடுதான் யாராவது சேர்ப்பார்கள், ஊர்ப்பற்று. அவர்களைத் திட்ட வேண்டாம். மூலத்தொகுப்பில் பரப்பளவு வரிக்குப் பக்கத்தில், வாசகருக்குத் தெரியாமல் தொகுப்பவருக்கு மட்டும் தெரியும்படி ஒரு மறைகுறிப்பு போட்டு வைக்கலாம்: "தரவரிசை சேர்க்குமுன் பேச்சுப் பக்கத்தில் உள்ள ஒப்பீட்டைப் பார்க்கவும்." பாதிப் பேர் அதைப் படித்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவார்கள்.